ஜமீன்தார் முப்பாட்டனாரின் முதுகெலும்பு

முள்ளித்துறைக் கடற்கரையில் சிப்பி பொறுக்கிப் பிழைக்கிறவள் பூமயில். ஒருநாள் ஆட்டுக்கல் பருமனில், கல்லாகவே இறுகிப்போன முதுகெலும்புத் துண்டு ஒன்று மணலில் அகப்பட்டது. ஏதோ பழங்காலத்துத் திமிங்கலம் என்று சொல்லி அதை வீட்டு வாசலில் போட்டுவைத்தாள்.

சேதி கேட்டு ஜமீன்தார் வீரபாகு ஆட்களோடு வந்து நின்றார்.

"கடல் சண்டையில செத்த எங்க முப்பாட்டனார் பனைமர உசரம். இது அவரு எலும்பு. அரண்மனையில வைக்கப்போறேன். நாளைக்குக் கோயில் கொடைத் திருவிழாவுல ஊர் முன்னால நீயே அதைச் சொல்லணும். திமிங்கலம் கிமிங்கலம்னே, அப்புறம் இந்தக் கரையில கால் வைக்க முடியாது."

பூமயில் எலும்பைத் தொட்டுக் கும்பிட்டாள்.

"ஐயா வம்சத்து எலும்பேதான். அப்ப முதல்ல காரியம் பண்ணணும். அது முடியிற வரைக்கும் ஐயாவுக்குத் தீட்டு, கோயில் படி மிதிக்கக் கூடாது. வருஷா வருஷம் ஐயாவுக்குக் கட்டுற முதல் மரியாதைப் பரிவட்டம் நாளைக்கு யாருக்குங்க?"

"என் தம்பிக்குக் கட்டட்டும்."

"பங்காளிக்கும் தீட்டுத்தானுங்களே. உங்க மச்சினருக்குத்தான் தீட்டு இல்ல."

மச்சினரோடு ஜமீன்தாருக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. அவர் குனிந்து எலும்பை இப்படியும் அப்படியும் புரட்டிப் பார்த்தார்.

"மனுஷ எலும்பு இம்புட்டுப் பெரிசா இருக்குமா? இது திமிங்கலம்தான். உள்ள எடுத்துட்டுப் போ."

"ஐயா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள் பூமயில்.