ஆலா கேட்ட கேள்வி

இந்தக் கதையின் முடிவில் தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். ஆகவே இதில் வருகிற மூவரையும் நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

குமரிக் கடற்கரையின் மீன்பிடித் துறைமுகம் ஒன்றில், ஒரே கல்லூரியில் பொறியியல் படித்த மூன்று நண்பர்கள் சேர்ந்து ஆளில்லாப் படகு ஒன்றைச் செய்தார்கள். யாரும் ஓட்டாமல் தானே வழி கண்டு போய்த் திரும்பும் படகு. அலைமேல் தாழப் பறக்கும் ஆலாப் பறவையின் பெயரையே அதற்கும் வைத்தார்கள்.

படகின் உடலும் மோட்டாரும் ஜெசிந்தாவின் கைவேலை. அலை புரட்டிப் போட்டாலும் மறுநொடி தானே நிமிர்ந்துகொள்ளும்படி அதைச் செய்திருந்தாள். தண்ணீரில் தவிப்பவர் பிடித்துக்கொள்ள இரு பக்கமும் கயிற்று வளையங்கள் கட்டினாள். எடை கூடுகிறதே என்று மற்ற இருவரும் முனகினார்கள். அவள் அவிழ்க்கவில்லை.

படகின் கண் இன்பராஜுடையது. கேமராவில் தெரிவது பாறையா, மிதவையா, மனிதத் தலையா என்று பிரித்தறிய அதன் கணினியைப் பழக்கியவன் அவன். அதற்காக நண்பர்களையெல்லாம் கழுத்தளவுக் கடலில் இறக்கி, வெயிலிலும் மழையிலும் சலிக்காமல் படம் எடுத்தான்.

புளோரா குழுவின் தலைவி. படகு ஓடும்போது கரையில் நின்று திரையைக் கவனிப்பவளும் அவள்தான். ஆளில்லாப் படகுகளுக்கான போட்டி அவர்கள் துறைமுகத்திலேயே நடக்கப் போகிறது, வெல்லும் படகை அந்தக் கரை முழுவதும் மீட்புப் பணிக்கு எடுத்துக்கொள்வார்கள் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து அவளுக்குத் தூக்கம் சரியில்லை. தங்கள் ஊர்ப் படகு ஒவ்வொரு துறையிலும் நிற்பதைக் கண்ணை மூடினாலே கண்டாள்.

போட்டியின் விதி கடுமையானது. புறப்பட்ட படகு திரும்பி வரும்வரை மனிதர் உதவியே கூடாது. கரையிடம் அது ஒரு கேள்வி கேட்டாலும் தோல்விதான்.

அந்த விதியால் மூவருக்குள்ளும் சண்டை வந்தது. எதிரே தெரிவது மனிதனா இல்லையா என்று சந்தேகம் வந்தால், நின்று கரையிடம் கேட்கும்படி ஆலாவைப் பழக்கியிருந்தான் இன்பராஜ்.

“கேட்டா அந்த நிமிசமே போட்டி போச்சு. எதுக்கு வாய்ப்பு அதிகமோ, அப்படின்னே எடுத்துக்கிட்டுப் போகட்டும். ஒரு நாளைக்கு மட்டும் அந்தக் கேள்வியை எடுத்து வையேன்” என்றாள் ஜெசிந்தா.

“தெரியாததத் தெரிஞ்ச மாதிரி நடிக்க நான் அதுக்குச் சொல்லிக்கொடுக்க மாட்டேன்.”

“தோத்துட்டா?” என்று கேட்டாள் புளோரா.

“தோப்போம். அந்தக் கேள்வி வேண்டாம்னா என் கேமராவையும் கழட்டிருங்க.”

கண்ணில்லாமல் படகு எங்கே போகும்? இரண்டு பேரும் மனமில்லாமல் விட்டுக்கொடுத்தார்கள்.

போட்டியன்று காலை காற்று திடீரென்று வலுத்தது. மற்ற படகுகள் தடுமாற, ஆலா மட்டும் புரண்டும் நிமிர்ந்தும் முன்னால் போனது. கரையில் நின்ற சனம் ஆரவாரம் செய்தது. எல்லை மிதவையைச் சுற்றித் திரும்பி, ஊர் பார்த்து வரும் வழியில், யாரோ விரித்திருந்த வலையின் மிதவைகளுக்குப் பக்கத்தில் ஆலா சட்டென்று நின்றது.

புளோராவின் திரையில் மங்கலான காட்சி ஒன்று வந்தது. அலைக்கிடையே உருண்டையாக ஏதோ ஒன்று. கீழே எழுத்துகள் ஓடின: மிதவையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனாலும் உறுதியில்லை. மனிதனா?

புளோரா திரையில் முகத்தைப் பதித்தாள். மிதவை அலையோடு சுழலும். இது சுழலவில்லை, படகையே ஏறிட்டுப் பார்க்கிறது. யாரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல், ‘மனிதன்’ என்ற பொத்தானை அழுத்தினாள். நடுவர்கள் பார்த்தார்கள், ஊரும் பார்த்தது.

ஆலா மெல்ல நெருங்கிப் பக்கவாட்டில் நின்றது. ஒரு கை தண்ணீரிலிருந்து எழுந்து கயிற்று வளையத்தைப் பற்றியது. விடிகாலையில் தனியாகக் கட்டுமரத்தில் போன மரியசூசை அவர். மரம் கவிழ்ந்து, கத்தவும் தெம்பில்லாமல் மிதவையைக் கட்டிப்பிடித்துக் கிடந்தவர். அவரை இழுத்துக்கொண்டு ஆலா கரைக்கு வந்தபோது வேறொரு படகு வென்றிருந்தது.

“விதி விதிதான் அம்மா. ஆனால் எழுந்து நிற்கத் தோன்றுகிறது” என்று சொல்லித் தலைமை நடுவர் எழுந்து நின்றார்.

வென்றவருக்குப் போர்த்த ஊர் ஒரு சால்வை வாங்கி வைத்திருந்தது. வென்ற குழுவினர் அதை மரியசூசையின் கையில் கொடுத்து, “இது எங்களுக்கு வேண்டாம், உங்களைக் காப்பாத்தினவங்களுக்கு நீங்களே போடுங்க” என்றார்கள். ஈரம் சொட்ட நின்ற அவர், மூவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“மக்கா, சால்வை ஒண்ணுதான் இருக்கு. படகு நிமிரலேன்னா நான் இல்ல. அது என்னைப் பாக்கலேன்னாலும் இல்ல. இந்தப் பிள்ள பரிசு போனாப் போட்டும்னு பொத்தானை அமுக்கலேன்னாலும் நான் இல்ல. இதை யாருக்குப் போட?”

கூட்டம் புளோராவின் பெயரைச் சொல்லிக் கூவியது. அவள் நெஞ்சு நிமிர்ந்தது.

இனி நீங்கள் சொல்லுங்கள். படகைச் செய்த ஜெசிந்தாவா, கண் கொடுத்த இன்பராஜா, பொத்தானை அழுத்திய புளோராவா? அந்த ஒரு சால்வை யாருக்கு உரியது?

விடை: இன்பராஜுக்கு. மூவரில் ஒருவர் குறைந்தாலும் மரியசூசை இல்லை என்பது உண்மை. ஆனால் வெற்றியை விட்டுக்கொடுத்தவர் ஒருவர்தான். ஆலா கேள்வி கேட்டபோதே, விதிப்படி தோல்வி முடிவாகிவிட்டது. புளோரா அழுத்தும்போது இழப்பதற்குப் பரிசு மிச்சமில்லை. அதோடு, எதிரே ஓர் உயிரைக் கண்டபின் யார்தான் அழுத்தமாட்டார்கள்? ஜெசிந்தாவோ கேள்வியை எடுத்துவிடச் சொன்னவள். எடுத்திருந்தால், வாய்ப்பு அதிகமென்று அவரை மிதவையாக எண்ணி ஆலா விலகிப் போயிருக்கும். ஆபத்தில் யாருமே இல்லாத ஒரு நாளில், முகம் தெரியாத ஒருவருக்காகத் தோற்கத் துணிந்தவன் இன்பராஜ். கூட்டம் தன் பெயரைக் கூவிக்கொண்டிருக்கும்போதே இதைச் சத்தமாகச் சொன்னவள் புளோராதான். சொல்லிவிட்டுச் சால்வையை வாங்கி அவளே அவனுக்குப் போர்த்தினாள். கூட்டத்தின் ஆரவாரத்தையும் மீறி ஜெசிந்தாவின் சீழ்க்கை கேட்டது.