நூறு குத்து

தூத்துக்குடியில் குத்து, உதை, மல்யுத்தம் மூன்றும் கலந்த எம்.எம்.ஏ. சண்டைக்கு ஒரு சங்கம் உண்டு. அதன் தலைவர் தைரியநாதனுக்குத் தன் கண்ணைவிடக் கம்ப்யூட்டர் மேல்தான் நம்பிக்கை. யார் எத்தனை குத்து விட்டார்கள் என்று கூட்டி, மாநிலப் போட்டிக்கு வரிசை போட்டார். ஐஸ் கம்பெனியில் பெட்டி தூக்கும் இசக்கியம்மாளுக்குக் கடைசி இடம்.

"மோதின மூணு சண்டையிலயும் நான்தான ஜெயிச்சேன், அண்ணாச்சி?" என்று கேட்டாள் அவள்.

"ஜெயிச்சா போதுமா? மூணுலயும் சேர்த்து நாலே குத்துதான் விட்டிருக்க. முதலிடத்துல இருக்க பிலோமினாவைப் பாரு, ஒரே சண்டையில அறுபது! நாளைக்கு அவகூட மோது. நூறு குத்து விட்டாத்தான் உனக்கு இடம்."

இசக்கி கொஞ்சம் யோசித்தாள்.

"சரி அண்ணாச்சி, நூறும் விடுதேன். ஆனா நீங்க எண்ணி முடிக்கிற வரைக்கும் அவ கீழ விழாம பிடிச்சுக்கிடணும்."

சுற்றி நின்ற வீராங்கனைகள் எல்லாரும் சிரித்தார்கள். பிலோமினா மட்டும் சிரிக்காமல் தாடையைத் தடவிக்கொண்டாள்.

"இவளை மேல போடுங்க, அண்ணாச்சி. அந்த நாலுல ஒண்ணு நான் வாங்கினது. ரெண்டாவது விழுந்துச்சான்னு எனக்கு ஞாபகமில்ல."