மூன்று பச்சை டிக்

பொன்மலையில் ஓய்வு பெற்றவர்களுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுப்பவர் ரெஜினா. வயது முப்பத்து நான்கு. அவருடைய மாணவர் தண்டபாணிக்கு அறுபத்தாறு. கூட்ஸ் வண்டியில் கார்டாக இருந்தவர். சந்தேகப்படுவதற்கென்றே சம்பளம் வாங்கியவர். குரு வகுப்புக்குள் வந்தால் எழுந்து நிற்பார்.

தண்டபாணியின் பேத்தி தாரகைக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. இரண்டு வயதில் ஆபரேஷன் செய்து கருவி வைத்தார்கள். அதன் பிறகு ஞாயிறுதோறும் தாத்தா வீட்டுக்கு வருவாள். அவர் அவளைப் பேசவைத்து வீடியோ எடுப்பார். தம்ளர் விழுந்த சத்தத்துக்கு அவள் முதன்முதலாகத் திரும்பிப் பார்த்தது, "தா" என்றது, "தாத்தா" என்றது எல்லாம் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்தன. வேறெங்கும் இல்லை.

அடுத்த தெருக்காரரின் கம்ப்யூட்டர் ஒரு நாள் படுத்துவிட்டது. அதிலிருந்த மகளின் கல்யாணப் படங்கள் போனது போனதுதான். அதைக் கேட்டதும் தண்டபாணிக்குச் சோறு இறங்கவில்லை. தானாகவே நகல் எடுத்து வைக்கும் பேக்கப் சாஃப்ட்வேர் தேட ஆரம்பித்தார். மூன்று பிடித்துப்போயின. மூன்றையும் போட்டு, தனியாக ஒரு ஹார்ட் டிஸ்க்கும் வாங்கிச் செருகி, எது மேல் என்று ஒரு பட்டியல் தயாரித்தார். இரண்டு மாதம் தினமும் அதைத் திருத்தினார். பெண் பார்க்க வந்தபோதுகூட இவர் இவ்வளவு விசாரிக்கவில்லை என்று மனைவி சொன்னாள்.

ஒரு நாள் காலை ரெஜினாவை வீட்டுக்கு அழைத்தார்.

"மூணுமே நகல் எடுத்தாச்சுன்னு தினம் பச்சை டிக் காட்டுது டீச்சர். எதை வெச்சுக்கறது?"

"எதை நம்புறீங்க சார்?"

"மூணையும்தான்."

"அப்ப அந்தத் தம்ளர் வீடியோவை எடுங்க."

எடுத்தார்.

"அழிச்சிடுங்க. மூணுல ஒண்ணுலேருந்து திருப்பி எடுத்துக்கலாம்."

தண்டபாணி சிரித்தார். ரெஜினா சிரிக்கவில்லை. டீச்சரின் விரல் கீபோர்டுப் பக்கம் போனது. தண்டபாணி இரண்டு கையாலும் கீபோர்டை மூடிக்கொண்டார்.

"விளையாட்டுக்குக்கூட வேணாம் டீச்சர்!"

குருவிடம் அவர் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை.

"சரி சார், அழிக்க வேணாம். டிஸ்க்குல இருக்கற நகலை மட்டும் காட்டுங்க."

முதல் சாஃப்ட்வேரைத் திறந்து தேடினார். இல்லை. இரண்டாவதில் இல்லை. மூன்றாவதிலும் தாரகை இல்லை. அவளுடைய ஃபோல்டர் இருந்தது கம்ப்யூட்டரின் இன்னொரு பகுதியான டி டிரைவில். எதைப் பத்திரப்படுத்த வேண்டும் என்று மூன்றும் முதல் நாளே கேட்டிருந்தன. அவசரத்தில் அவர் டெஸ்க்டாப்புக்கு மட்டும் சரி போட்டிருந்தார்.

தண்டபாணி கீபோர்டை எட்டத் தள்ளிவைத்தார். இன்னும் ஒரு தட்டு தட்டியிருந்தால் பிள்ளை போயிருப்பாள்.

"அப்ப இத்தனை நாளா எதைத்தான் எடுத்து வெச்சுது?"

"நீங்களே பாருங்க."

மூன்றிலும் இருந்தது டெஸ்க்டாப்பில் அவர் போட்டு வைத்திருந்த பட்டியல். ஒரு நாள் விடாமல், திருத்தத் திருத்த, அறுபது நகல்.

அவமானமாக இருந்தது. உட்கார்ந்து, டி டிரைவைச் சேர்த்து, எல்லாம் டிஸ்க்குக்குப் போகும்வரை காத்திருந்தார். பிறகு நகலிலிருந்து தம்ளர் வீடியோவை ஓடவிட்டார். தம்ளர் விழுந்தது. குழந்தை திரும்பிப் பார்த்தாள். தண்டபாணி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இனிமே ஒண்ணும் போகாது, இல்லையா டீச்சர்?"

ரெஜினா ஃபோல்டரின் அடிவரை போய்த் தேதியைப் பார்த்தார்.

"கடைசி வீடியோ ரெண்டு மாசத்துக்கு முந்தினதா இருக்கே சார். அப்புறம் பிள்ளை வரலையா?"

"வந்தா டீச்சர், வாரா வாரம் வந்தா. நல்லா வாயடிச்சா." அவர் குரல் இறங்கியது. "நான்தான் இந்த வேலையா இருந்துட்டேன். கொஞ்சம் இரும்மா, கொஞ்சம் இரும்மான்னு..."

"அந்த எட்டு ஞாயித்துக்கிழமையை எதுலேருந்து சார் திருப்பி எடுக்கறது?"