சட்டியில் காய்ந்த மண்

பெயிண்ட் கம்பெனி மேனேஜர் குலோத்துங்கன் ஒரு பிடி மண்ணைக் கலெக்டரின் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"பெயிண்ட்டைக் கரைக்கிற எங்க தின்னர் இவ நிலத்துல கலந்துடுச்சாம். மோந்து பாருங்க சார், வாசனை வருதா?"

வரவில்லை. மேனேஜர் இளித்தார். "இவ மூக்கு என்ன லேபா? முடிஞ்சா நிரூபிக்கட்டும், இப்பவே!"

பக்கத்தில் நின்ற, வெட்டிவேர்த் தைலம் காய்ச்சும் அஞ்சலாட்சிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் பயிரிட்ட வேரெல்லாம் அந்த மண்ணில்தான் கருகிச் செத்திருந்தது.

"சூடு பட்டாத்தான்யா வேரும் உள்ள இருக்கறதைக் கக்கும்," என்றவள், அதே மண்ணைச் சட்டியில் கொட்டி, ஆவி வெளியேறாதபடி மூடியைச் சுற்றி மாவு அப்பி, தைலம் காய்ச்சும் தன் அடுப்பில் ஏற்றினாள்.

காய்ந்ததும் அடுப்பை அணைத்தாள். சட்டியை மேனேஜரின் காலடியில் நங்கென்று வைத்து, தீப்பெட்டியை அவர் கையில் திணித்தாள்.

"வெறும் மண்ணுதானே? நான் மூடியைத் திறக்கிறேன். நீங்களே குச்சியைக் கிழிச்சு உள்ள காட்டுங்க."

மேனேஜர் தீப்பெட்டியை வீசியெறிந்துவிட்டு ஓடிப்போய், கலெக்டரின் ஜீப்புக்குப் பின்னால் பதுங்கினார்.

அஞ்சலாட்சியின் கை மூடியைத் தொடக்கூட இல்லை.

"ஏன் சார்," என்று கத்தினாள், "மண்ணுக்கா இந்த ஓட்டம்?"