மொட்டு பேசினாள், துளிர் பேசவில்லை

ஓடைக்கரைக் காட்டில் ஓர் அத்திமரத்தில் குரங்குக் கூட்டம் ஒன்று வாழ்ந்தது. அதில் குருத்தி என்ற மந்திக்குத் துளிர் என்று ஒரே மகன். கிளை தாவுவதில் கெட்டிக்காரன். ஆனால் இரண்டு மழைக்காலம் கண்ட பிறகும் அவன் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. பழம் வேண்டுமென்றால் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துப் போவான். கிடைக்காவிட்டால் அழுவான்.

அந்த ஆண்டு பூவரசி என்ற மந்தி தூரத்து மலையிலிருந்து வந்து கூட்டத்தில் சேர்ந்தாள். அவள் முதுகில் மகள் மொட்டு. துளிர் வயதுதான். ஆனால் மொட்டு, "அம்மா, பழம் தா" என்பாள். "மேலே பருந்து" என்பாள். கூட்டமே கூடி நின்று கேட்டுச் சிரிக்கும்.

குருத்திக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. மொட்டு பேசப் பேச அவளுக்கு வயிறு எரிந்தது. சரியான வாயாடி, இவ்வளவு பேச்சு எதற்கு என்று மற்ற மந்திகளிடம் குறை சொன்னாள். பூவரசி தினமும் காலையில் மகளைத் தூக்கிக்கொண்டு ஓடையைத் தாண்டிப் போவாள். அக்கரையில் நல்ல பழமாகப் பார்த்து ஊட்டுகிறாள், அதுதான் பிள்ளை இப்படித் தேறுகிறது என்று குருத்தி புழுங்கினாள்.

ஆண்பிள்ளை மெதுவாகத்தான் பேசுவான், அவன் அப்பனும் அப்படித்தான் என்று மற்ற மந்திகள் ஆறுதல் சொல்லின. அந்தப் பேச்சை அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

ஒருநாள் பூவரசியே தேடி வந்தாள். அக்கரையில் ஒரு மலைமைனா இருக்கிறது, பேச்சு வராத பிள்ளைகளைப் பார்க்கிறது, துளிரையும் ஒருதடவை காட்டலாமே என்றாள்.

"உன் பிள்ளை நாலு சொல் பேசிவிட்டால் என் பிள்ளையை ஊமை என்பாயா? அவனுக்கு ஒன்றுமில்லை. நீ உன் வேலையைப் பார்" என்றாள் குருத்தி.

அன்றே மகனை இழுத்துக்கொண்டு, மொட்டின் குரல் எட்டாத ஒரு மரத்துக்குக் குடிபோனாள். மாதங்கள் ஓடின.

இலந்தை பழுத்தது. துளிரும் சேர்ந்து குட்டிகள் எல்லாம் புதரில் புகுந்து தின்றன. பாதியில் மொட்டு ஓடிவந்து, "அம்மா, வாயில் முள்" என்றாள். பூவரசி வாயைத் திறக்கச் சொல்லி நொடியில் எடுத்துவிட்டாள். தூரத்திலிருந்து பார்த்த குருத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அன்று மாலை துளிர் அழத் தொடங்கினான். வயிற்றுவலியாக இருக்கும் என்று குருத்தி தழை கொடுத்தாள். துப்பினான். காலைப் பார்த்தாள், காதைப் பார்த்தாள். எங்கே வலிக்கிறது என்று கேட்டுக் கேட்டு அவளும் அழுதாள். அவன் அவள் மார்பில் முட்டி முட்டி அழுதானே தவிர, வலிக்கும் இடத்தைக் காட்டத் தெரியவில்லை. மூன்றாம் நாள் கன்னம் வீங்கிய பிறகுதான் கடைவாய் ஈறில் குத்தியிருந்த முள் தெரிந்தது. எடுத்ததும் சீழ் வந்தது. துளிர் அப்படியே அவள் மடியில் தூங்கிப்போனான்.

'வாய்' என்று ஒரே ஒரு சொல் இருந்திருந்தால் பிள்ளை மூன்று நாள் துடித்திருக்க வேண்டாம். அவன் விழித்ததும் தூக்கிக்கொண்டு பூவரசியிடம் போனாள்.

"அக்கா, மொட்டுக்கு எப்படிப் பேச்சு வந்தது?"

இத்தனை மாதத்தில் அவள் இதைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"இவளும் பேசாமல்தான் இருந்தாள். அந்த மைனாவிடம் காட்ட மலையிலிருந்து தினமும் தூக்கி வந்தேன். தூரம் தாங்காமல் இங்கேயே குடிவந்துவிட்டேன். காலையில் அங்கேதான் போகிறோம். நாளைக்கு நீயும் வா" என்றாள் பூவரசி.

குருத்திக்குத் தலை நிமிரவில்லை.

மறுநாள் எல்லோரும் ஓடையைத் தாண்டினார்கள். மைனா முதலில் துளிரின் முதுகுக்குப் பின்னால் ஒரு கொட்டையைப் போட்டது. அவன் திரும்பினான். காது நன்றாகக் கேட்கிறது என்றது. பிறகு குருத்தியிடம், கையை இழுத்ததும் பழத்தைக் கொடுத்துவிடாதே, அதன் பெயரைச் சொல்லி அவன் முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் காத்திரு, சின்னச் சத்தம் போட்டாலும் உடனே கொடு என்றது.

"தாமதமாக வந்துவிட்டேனா?" என்று கேட்டாள் குருத்தி.

"முன்பே வந்திருந்தால் இவனுக்கு இன்னும் எளிதாக இருந்திருக்கும். இன்றாவது வந்தாயே, இனி விடாதே" என்றது மைனா.

குருத்தி விடவில்லை. பல நாள் ஒன்றும் நடக்கவில்லை. மொட்டு புதிதாக ஏதாவது பேசும்போது பழைய புழுக்கம் எட்டிப் பார்க்கத்தான் செய்தது. ஆனால் இப்போதெல்லாம் அந்தச் சொல் எப்படி வந்தது என்று பூவரசியிடம் கேட்டுக்கொள்வாள்.

மழை தொடங்கிய ஒரு காலையில் மொட்டு முன்னால் தாவிப் போய்விட்டாள். துளிர் கிளை நுனியில் நின்று அவள் போன திசையைப் பார்த்தான். உதட்டைக் குவித்தான்.

"மொ... மொட்டு" என்றான்.

அவன் பேசிய முதல் சொல், 'அம்மா' அல்ல. குருத்திக்கு ஒரு கணம் சுருக்கென்றது. அடுத்த கணம் பூவரசியைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

அடுத்தவர் பிள்ளையைப் பார்த்துப் புழுங்கிக் கழிக்கும் ஒவ்வொரு நாளும் நம் பிள்ளைக்கு உதவியிருக்க வேண்டிய நாள் என்பதால், பொறாமையை விட்டு வேண்டிய உதவியைக் காலத்தில் கேட்டுப் பெறுவதே அறிவு.