ஆனந்தக் கண்ணீர் கசிந்த ஏரிக்கரை

பூவலூர் ராஜா திருமேனிராயருக்குக் கண் இரண்டுதான். காது மட்டும் ஊரெல்லாம். தெருவுக்கு ஒரு ஒற்றன், சந்தைக்கு நாலு ஒற்றன், பெண்கள் துணி துவைக்கும் படித்துறைக்குக்கூட ஒருத்தன். அத்தனை பேருக்கும் தலைவர் கொண்டையராயர்.

எதிரிப் படை எங்கே நிற்கிறது என்று கேட்டால் அந்த மனுஷருக்குத் தெரியாது. ராஜாவின் புதுத் தலைப்பாகையைப் பார்த்துச் சிரித்தது யார் என்று கேளுங்கள். பெயர், தெரு, எத்தனை பல் தெரிந்தது என்பது வரைக்கும் ஒப்பிப்பார். ஒற்றர்கள் கொண்டுவரும் சேதியை அப்படியே கொடுக்கவும் மாட்டார். முதலில் ராஜாவின் முகத்தைப் பார்ப்பார். அப்புறம் அந்த முகத்துக்குத் தகுந்த மாதிரி புது ஓலை எழுதுவார். ராஜாவுக்கும் அதுதான் ருசித்தது.

அதோடு விட்டாரா? வரியைக் குறைக்கச் சொல்லி நெசவாளர்கள் மனுவோடு கிளம்பினால், "பகைவர் படை வருகிறது, யாரும் வெளியே வராதீர்கள்!" என்று தண்டோரா. தனக்குப் பிடிக்காத மந்திரி வீட்டில் கல்யாணமா? "ஊருக்குள் புலி!" என்று தண்டோரா. படையும் வரவில்லை, புலியும் வரவில்லை. பாவம், கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டாரும் வரவில்லை.

சபையில் ஓலைகளைப் படித்துச் சொல்லும் வேலை செங்கமலத்துக்கு. கொஞ்சம் வாய்த்துடுக்கானவள். ஒருநாள் காலையில் அவள் படித்த ஓலை இது:

"மகாராஜா போன மாதம் பூஜை போட்டுத் திறந்துவைத்த புது ஏரிக்கரையைப் பார்த்து மக்கள் மூன்று நாளாக ஆனந்தக் கண்ணீர் வடிக்கிறார்கள். அதனால் கரை ஈரமாக இருக்கிறது."

ராஜா மீசையைத் தடவிக்கொண்டார். அந்த நேரம் பார்த்து மடை காக்கும் வீரணன் இடுப்புவரை சேற்றோடு ஓடிவந்தான்.

"மகாராஜா! ஏரிக்கரை கசியுது! உச்சிப்பொழுதுக்குள்ள உடைஞ்சிடும். கீழத்தெருவுல முந்நூறு வீடு இருக்கு, பச்சைப் பிள்ளைங்க இருக்கு! மூணு நாளா இந்த ஒற்றர் தலைவரு ஆளுங்ககிட்ட தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன்!"

கொண்டையராயர் அசரவில்லை. "கண்ணீர் என்றுதான் எனக்குத் தகவல்."

"மூன்று நாளாகவா அழுதார்கள்?" என்றாள் செங்கமலம். "நடுவில் ஒருத்தர்கூடச் சாப்பிட வீட்டுக்குப் போகவில்லையா ஐயா?"

ராஜாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "தண்டோரா போடுங்கள்! கீழத்தெரு முழுவதும் உடனே கோயில் மேட்டுக்குப் போகட்டும்!"

தண்டோராக்காரர் மாயழகு ஓடினார். போன வேகத்திலேயே திரும்பினார்.

"என்னய்யா, கிளம்பிவிட்டார்களா?"

"எங்கே மகாராஜா! 'இன்னைக்கு யாரு மனு கொடுக்க வர்றாங்க மாயழகண்ணே?'ன்னு கேக்கிறாங்க. 'போன தடவை புலி, இந்தத் தடவை தண்ணியா? அடுத்தது பூதமா?'ங்கிறா ஒருத்தி. அவ பாட்டுக்கு மாவாட்டிக்கிட்டிருக்கா. ரெண்டு பேரு, எங்களைக் கிளப்பிவிட்டுட்டு வீட்டைச் சோதனை போடப் போறாங்கன்னு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுட்டாங்க."

"என் ஒற்றர்களை அனுப்பி இழுத்து வெளியே போடுகிறேன்" என்றார் கொண்டையராயர்.

"முந்நூறு வீட்டையும் இழுத்து முடிப்பதற்குள் தண்ணீரே இழுத்துக்கொண்டு போய்விடும்" என்றாள் செங்கமலம். "மகாராஜா, அந்தப் பறையை எனக்கு ஒரு தடவை கொடுங்கள். நான் சொல்வதை உங்கள் பெயராலும் இவர் பெயராலும் அறிவிக்க வேண்டும். எதற்கு என்று இப்போது கேட்கக் கூடாது."

"என்னவோ செய் தாயே. அந்தப் பிள்ளைகளைக் காப்பாற்று!"

அவள் மாயழகுவின் காதில் ஏதோ சொன்னாள். அவர் விழித்தார். அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினார்.

கீழத்தெருவில் மறுபடியும் பறை முழங்கியது.

"இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், ஏரிக்கரை இரும்பு மாதிரி இருக்கிறது! ஒரு சொட்டுக் கசிவும் இல்லை! ஒற்றர் தலைவர் கொண்டையராயரே நேரில் பார்த்து உறுதி சொல்கிறார்! யாரும் வீட்டை விட்டு வெளியேற வேண்டாம்! வதந்தியை நம்பாதீர்கள்!"

மாவாட்டிக்கொண்டிருந்தவள் கையை உதறிவிட்டு எழுந்தாள்.

"ஐயையோ! கொண்டையரே உறுதி சொல்லிட்டாராம்டி! பிள்ளையைத் தூக்கு, ஓடு!"

அவ்வளவுதான். தாழ்ப்பாள்கள் திறந்தன. இடுப்பில் பிள்ளை, தலையில் பானை, கையில் ஆட்டுக்கயிறு. அரைத்த மாவைக்கூட விடாமல் எடுத்துக்கொண்டு தெருவே கோயில் மேட்டுக்கு ஏறிவிட்டது. கடைசிக் கிழவரை வீரணன் முதுகில் சுமந்து மேலே இறக்கினான். இறக்கிய கொஞ்ச நேரத்தில் கரை உடைந்தது. முந்நூறு வீட்டிலும் தண்ணீர். ஒரு உயிர்கூடப் போகவில்லை.

மேட்டில் நின்று பார்த்த ராஜாவுக்குச் சிரிப்பதா, வெட்கப்படுவதா என்று தெரியவில்லை.

"செங்கமலம், நான் உண்மையைச் சொன்னபோது அசையாதவர்கள், பொய்யைச் சொன்னதும் ஓடினார்களே?"

"அவர்கள் அரசாங்கத்தைச் சரியாகத்தான் புரிந்துவைத்திருக்கிறார்கள் மகாராஜா. நாம் வா என்றால் வீட்டில் இருப்பார்கள், பயமில்லை என்றால் பயப்படுவார்கள். இத்தனை வருஷமாக இவர் செய்த சேவையில் ஊருக்கு உபயோகப்பட்டது இது ஒன்றுதான்."

ராஜா கொண்டையராயர் பக்கம் திரும்பினார். "இவருக்கு என்ன தண்டனை தரலாம்?"

"தண்டனை எதற்கு? 'கொண்டையராயர் நேர்மையானவர், மக்கள் மேல் உயிரையே வைத்திருக்கிறார்' என்று நாளைக்கு ஒரு தண்டோரா போடுங்கள். மிச்சத்தை ஊர் பார்த்துக்கொள்ளும்."

கொண்டையராயர் ராஜாவின் காலில் தடாலென்று விழுந்தார். "மகாராஜா! சவுக்கடி கொடுங்கள், சிறையில் போடுங்கள். தண்டோரா மட்டும் வேண்டாம்!"

ராஜா வாய்விட்டுச் சிரித்தார். அங்கேயே கொண்டையராயரின் பதவியைப் பிடுங்கினார். கீழத்தெருவைத் தன் செலவில் கட்டித் தருவதாக மக்களிடம் சொன்னார். அவர்கள் ஆட்டுக்கயிற்றை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். பிறகு கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிச் செங்கமலத்திடம் கொடுத்தார்.

"இது போதாது. உன் புத்தியையும் நல்ல குணத்தையும் புகழ்ந்து ஊர் முழுக்கத் தண்டோரா போடச் சொல்கிறேன்!"

செங்கமலம் பதறிப்போய்க் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"வேண்டாம் மகாராஜா! நான் இந்த ஊரிலேதான் குடியிருக்க வேண்டும்!"