பசை அறையில் விளக்கேற்றிய மேனேஜர்

ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனி. அங்கே பசையில் தின்னர் கலக்கும் அறையில் ஆவி எந்நேரமும் மூக்கைத் துளைக்கும். சின்னப் பொறி பட்டாலும் அறையே பற்றிக்கொள்ளும். அதனால் பொறி வெளியே வராத மூடிய விளக்குதான் அங்கே எரிந்தது. ஒருநாள் அது கெட்டுப்போனது.

"சாதா டியூப்லைட்டும் ஸ்விட்சும் போதும். இன்னைக்கே மாட்டு, இல்லேன்னா வீட்டுக்குக் கிளம்பு!" என்று எலக்ட்ரீஷியன் ஷமீமாவிடம் குதித்தார் மேனேஜர் துரைக்கண்ணு. ஆபத்து என்று அவள் சொன்னது அவர் காதில் ஏறவில்லை.

ஷமீமா மாட்டி முடித்தாள். பிறகு எல்லாரையும் கூப்பிட்டு, மேனேஜர் கழுத்தில் மாலை போட்டாள்.

"சார் கைராசிக்காரர். முதல்ல அவரே ஸ்விட்ச் போடட்டும். நாம கேட்டுக்கு வெளியே நின்னு கைதட்டுவோம்."

"கேட்டுக்கு வெளியே எதுக்கும்மா?"

"சத்தம் கொஞ்சம் பெருசா கேட்கலாம் சார்."

ஸ்விட்ச் வரை போன துரைக்கண்ணு வாட்ச்சைப் பார்த்தார். "இப்ப ராகுகாலமாச்சே..." என்று இழுத்தார்.

"அது காலையிலேயே முடிஞ்சுது சார்!" என்று கூட்டம் கத்தியது.

"அந்த மூடின விளக்கையே வாங்கித் தொலைங்க!" என்று மாலையோடு வெளியே ஓடினார்.

ஷமீமா சாவகாசமாகப் போய் ஸ்விட்சைத் தட்டினாள். ஒன்றும் நடக்கவில்லை.

"நான் எங்கே கரண்ட் கனெக்‌ஷன் கொடுத்தேன்?" என்றாள்.